தொட்டிச் செடியின் வரவுக் கணக்கு

நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் செடியைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில்கள் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். "மிளகாய்ச் செடி பூக்கவே மாட்டேன் என்கிறது" என்று ஒருவர் படம் போடுவார். ஐந்து நிமிடத்தில் மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, புளித்த மோர், அரிசி கழுவிய தண்ணீர், வாழைப்பழத் தோல் என்று ஆளுக்கொரு வைத்தியம் வந்துவிடும். "தொட்டி எந்தப் பக்கத்து பால்கனியில் இருக்கிறது? வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது?" என்று கேட்பவர் அநேகமாக இருக்க மாட்டார்.

இந்த முறை அதைக் கேட்டே ஆக வேண்டிய அவசியம் வந்திருக்கிறது. ஏ பிளாக்கிற்குத் தெற்கே இருந்த காலி மனையில் அஸ்திவார வேலை தொடங்கிவிட்டதைப் பார்த்திருப்பீர்கள். கீழே வண்டி நிறுத்தும் இடம், அதற்கு மேல் மூன்று மாடி, மொத்தம் 45 அடி உயரம் இருக்கும். முதல் தளத்து வீட்டுக்காரர்கள் சிலர் இப்போதே கவலைப்படுகிறார்கள். அந்த நிழல் எப்போது, எதுவரை விழும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, கீழே தருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. செடி எதை வைத்து வளர்கிறது என்பதை மனிதன் கண்டுபிடித்ததில் தொட்டிச் செடிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் வாழ்ந்தவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மாண்ட் என்ற மருத்துவர். ஒரு தொட்டியில் அடுப்பில் காய வைத்த மண்ணை 200 பவுண்டு எடை போட்டு நிரப்பினார். அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டார். தூசி விழாமலிருக்க ஓட்டை போட்ட தகரத்தால் தொட்டியை மூடினார். மழைத் தண்ணீரோ காய்ச்சி வடித்த தண்ணீரோ தவிர வேறு எதையும் விடவில்லை. ஐந்து வருடம் கழித்து மரத்தைப் பிடுங்கி எடை போட்டார்: 169 பவுண்டு, 3 அவுன்ஸ் சொச்சம். மண்ணை மறுபடி காய வைத்து எடை போட்டார்: குறைந்தது 2 அவுன்ஸ் அளவுதான்.

வங்கியில் பல வருடம் லெட்ஜர் பார்த்த எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். ஓபனிங் பேலன்ஸ் இருக்கிறது, குளோசிங் பேலன்ஸ் இருக்கிறது, நடுவில் யாரும் கை வைக்காதபடி மூடியும் இருக்கிறது. 164 பவுண்டு வரவு. ஆனால் அந்த வரவை எந்தக் கணக்கில் எழுதினார் தெரியுமா? முழுக்கத் தண்ணீர்க் கணக்கில்! தகரத்தின் ஓட்டை வழியாகவும் இலைகள் வழியாகவும் காற்றும் வெயிலும் வவுச்சர் இல்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்ததை அவர் பார்க்கவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் 'கேஸ்' என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தவர் இவர்தான். கரி எரியும்போது வரும் வாயுவைப் பற்றி எழுதியவரும் இவரே. மரத்தின் எடையில் பெரும்பகுதி அந்த வாயுவிலிருந்து வந்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. 1644-இல் காலமானார், 1648-இல் மகன் வெளியிட்ட நூலில் இந்தச் சோதனை அச்சானது.

அந்த 2 அவுன்ஸைக் கவனியுங்கள். ஒரு மரம் ஐந்து வருடத்தில் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டது நம் கணக்கில் 60 கிராமுக்கும் குறைவு. உரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சமையலுக்கு உப்பு மாதிரி அது வேண்டும். சோறு வேறு இடத்திலிருந்து வருகிறது.

எங்கிருந்து என்பது தெரிய இன்னும் 130 வருடம் ஆயிற்று. 1771-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றில் புதினாத் தண்டு ஒன்றை வைத்து மூடினார். பத்து நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவத்தி மறுபடி எரிந்தது. செடி காற்றைச் சரி செய்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் மற்றவர்கள் செய்து பார்த்தபோது சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. அவருக்கேகூடப் பிறகு ஒரே மாதிரி வரவில்லை. டேலி ஆகாத கணக்கு.

அதை டேலி செய்தவர் யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர். ஆஸ்திரிய அரச குடும்பத்துக்கு அம்மைப்பால் குத்திப் பெயர் வாங்கியவர். 1779 கோடையில் லண்டனுக்கு வெளியே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்று மாதத்தில் 500-க்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். முடிவு இதுதான்: செடியின் பச்சைப் பாகங்கள் மட்டும், வெளிச்சம் படும்போது மட்டும் அந்த வேலையைச் செய்கின்றன. இரவிலும் அடர்ந்த நிழலிலும் எதிர்த் திசையில் போகிறது. இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். வேலை செய்வது சூரியனின் ஒளி, சூடு அல்ல.

நம் பால்கனிகளில் அதிகம் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான். மேற்குப் பக்கம் பால்கனி உள்ளவர்கள் "எங்கள் வீட்டில் நல்ல வெயில்" என்பார்கள். கிழக்குப் பக்கத்தவர்கள் "எங்களுக்குக் காலை வெயில்தான், மத்தியானத்தோடு சரி" என்பார்கள். வானம் தெளிவாக இருந்தால் காலை 9 மணி வெயிலும் மாலை 3 மணி வெயிலும் ஒளிக் கணக்கில் ஏறக்குறைய சமம். மாலையில் சுவர், தரை, காற்று எல்லாம் சூடேறியிருப்பதால் நமக்கு அதிகமாகத் தோன்றுகிறது. செடிக்கு அதில் கூடுதல் லாபம் ஒன்றுமில்லை, வேருக்கு நஷ்டம்தான். தரையில் நிற்கும் செடியின் வேர் குளிர்ந்த மண்ணுக்குள் இருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் ஒரு பக்கம் மேற்கு வெயிலில் காயும்போது அந்தப் பக்கத்து வேர் வெந்துவிடும். தொட்டிக்கு முன்னால் ஒரு செங்கல்லோ பழைய சாக்கோ வைத்தால் போதும், இலைக்கு வெயில், வேருக்கு நிழல்.

நகரத்தில் செடி வளர்ப்பதன் சிரமத்தை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர் லண்டன் மருத்துவர் நதானியல் வார்ட். கிழக்கு லண்டனில் வெல்குளோஸ் சதுக்கத்தில் வீடு. சுற்றிலும் கரிப் புகை. தோட்டத்தில் வைத்த பெரணிகள் எல்லாம் செத்துப்போயின. 1829-இல் அந்துப்பூச்சிக் கூடு ஒன்றை ஈர மண்ணோடு மூடிய கண்ணாடிக் குடுவையில் வைத்திருந்தார். பூச்சியைப் பார்க்க வைத்த குடுவையில் சிறு பெரணியும் புல்லும் முளைத்து நின்றன. அதிலிருந்து பிறந்ததுதான் வார்டியன் பெட்டி: நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே மண்ணும் செடியும். 1833-இல் இரண்டு பெட்டிகள் கப்பலில் சிட்னி வரை போய்ச் செடிகள் உயிரோடு இறங்கின. அதுவரை கப்பலில் போன செடிகள் பெரும்பாலும் செத்தன. மேல்தளத்தில் வைத்தால் உப்புக் காற்று, கீழே வைத்தால் இருட்டு. கண்ணாடி உப்பைத் தடுத்து வெளிச்சத்தை விட்டது.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. மலேரியாவுக்கு மருந்தான சின்கோனா, தென் அமெரிக்காவிலிருந்து உதகமண்டலத்துக்கு 1860, 61 ஆண்டுகளில் வந்தது இந்தப் பெட்டிகளில்தான். முதலில் வந்தவை பிழைக்கவில்லை, அடுத்து வந்தவை பிழைத்தன. வந்த பிறகு எங்கே நடுவது என்ற கேள்வி. ஜாவாவில் டச்சுக்காரர்கள் அடர்ந்த காட்டு நிழலில் நட்டு நன்றாக வராமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். உதகைத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த மெக்ஐவர் திறந்த வெளியில் வெயில் படும்படி நட்டார், மரம் பிடித்துக்கொண்டது. அதே செடி, மலைக்காடு, மழை. எங்கே வெயில் விடுவது என்பதில்தான் வித்தியாசம்.

நம்முடைய பழைய வீடுகளில் இந்தப் பிரச்சினையே எழவில்லை. முற்றத்தின் நடுவில் துளசி மாடம், மேலே திறந்த வானம். நாலு பக்கமும் கூரை இருந்தாலும் உச்சி வெயில் தவறாது. நாம் ஃபிளாட்டுக்கு வந்தபோது துளசியைக் கூட்டிக்கொண்டு வந்தோம், முற்றத்தை விட்டுவிட்டோம். பால்கனி என்பது ஒரு பக்கம் மட்டும் திறந்த பெட்டி. தலைக்கு மேல் மேல்வீட்டுக்காரரின் தரை. அதனால்தான் திசை இவ்வளவு முக்கியமாகிவிட்டது.

கண்ணை நம்பவும் முடியாது. நடுப்பகல் நேர் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். வெளியில் நல்ல நிழல் என்றால் 10,000 அளவு. ஜன்னலிலிருந்து சில அடி உள்ளே வந்தால் சில நூறுதான். நூறு மடங்குக்கு மேல் குறைந்திருக்கும், ஆனால் கண் பாப்பா விரிந்து சரிக்கட்டிவிடுவதால் "ஹால் நல்ல வெளிச்சமாக இருக்கிறதே" என்கிறோம். ஹாலில் வைத்த ரோஜா பட்டினி கிடக்கும். செல்போனில் லக்ஸ் காட்டும் செயலிகள் இருக்கின்றன. துல்லியம் போதாது, ஆனால் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒப்பிடப் போதும்.

இனி நம் ஊர்க் கணக்கு. மேல்நாட்டுத் தோட்டப் புத்தகங்களில் "தெற்குப் பக்கம் வெயில், வடக்குப் பக்கம் நிழல்" என்று இருக்கும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அது வருடம் முழுக்கச் சரி. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் 23½ பாகை வரை வடக்கே போய்த் திரும்புவதால் வருடத்தில் இரண்டு முறை நம் தலையைக் கடக்கிறது: ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி ஒரு முறை. நம் மாதக் கணக்கில் சித்திரை இரண்டாம் வாரமும் ஆவணி பிறப்பும். இடைப்பட்ட ஏறக்குறைய நாலு மாதமும் சூரியன் நாள் முழுக்க வானத்தின் வடபாதியில்தான் இருக்கும். தெற்கு பால்கனிக்கு அந்த நாட்களில் நேர் வெயில் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. வடக்கு பால்கனிக்குக் காலையும் மாலையும் சாய்வாக அடிக்கும்.

இதனால்தான் ஒவ்வொரு ஜூன் மாதமும் தெற்கு பால்கனிக்காரர்கள் "மார்ச்சில் நன்றாக இருந்த செடி திடீரென்று நோஞ்சானாகிவிட்டது" என்கிறார்கள். மே மாத வெப்பத்தில் கருகியது என்று நினைத்துத் தண்ணீரை அதிகமாக ஊற்றுவார்கள். வெளிச்சம் இல்லாத செடிக்குக் கூடுதல் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். இன்னொன்று, ஆடிப் பட்டம். வயலுக்கு அது சரி. தெற்கு பால்கனித் தொட்டிக்கு ஆடியில் விதைத்தால் முளை, வெளிச்சம் தேடி நூல் மாதிரி நீளும். ஆவணி பிறக்கட்டும்.

அடிக் கணக்காகவும் சொல்கிறேன். பால்கனியின் உள் உயரம் 10 அடி, கைப்பிடிச் சுவர் 3 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் நடுப்பகலில் சூரியன் தெற்கு வானில் 53½ பாகை உயரத்தில் இருக்கும். தெற்கு பால்கனியில் வெயில் 7 அடிக்கு மேல் உள்ளே வரும், ஆனால் கைப்பிடிச் சுவரை ஒட்டிய முதல் 2 அடி தரையில் சுவரின் நிழல் விழும். நாம் தொட்டிகளை வரிசையாக வைப்பது சரியாக அந்த 2 அடியில்! ஒன்றரை அடி ஸ்டாண்டு மீது ஏற்றினாலோ சுவரை விட்டு உள்ளே தள்ளினாலோ போதும். கம்பி போட்ட கைப்பிடி என்றால் கவலையில்லை. ஜூன் கடைசியில் வடக்கு பால்கனியில் நடுப்பகல் வெயில் 2 அடிகூட உள்ளே வராது. அங்கே தொட்டி விளிம்புக்கு வர வேண்டும்.

தொட்டியை இப்படி இடம் மாற்றுவது அவமானம் இல்லை. 1686-இல் கட்டி முடித்த வெர்சாய் அரண்மனையின் ஆரஞ்சு மாளிகையில் இன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரங்களைப் பெட்டியோடு மே மாதம் வெளியே கொண்டுவந்து அக்டோபரில் உள்ளே கொண்டுபோகிறார்கள். பதினான்காம் லூயிக்கே அந்த வேலை இருந்தது. நமக்குச் சக்கரம் வைத்த ஸ்டாண்டு கிடைக்கிறது.

வெயிலின் அளவு ஒரு பக்கம், நேரம் இன்னொரு பக்கம். அமெரிக்க விவசாயத் துறையில் கார்னர், அல்லார்டு என்று இருவர். அவர்களிடம் மேரிலாண்டு மாமத் என்ற புகையிலை இருந்தது. வயலில் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், பனிக்காலம் வரும்வரை பூக்காது. அதையே குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டில் வைத்தால் சிறியதாக இருக்கும்போதே பூக்கும். உரம், ஈரம், வெப்பம் எல்லாம் மாற்றிப் பார்த்தார்கள். 1918 ஜூலையில் செடிகளைத் தொட்டியோடு மாலை 4 மணிக்கு இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளிக் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். கோடையிலேயே பூத்தது! பகலின் நீளத்தைச் செடி அளக்கிறது என்று 1920-இல் வெளியிட்டார்கள். செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை என்பது பிற்பாடு தெரிந்தது. இருட்டுக்கு நடுவில் கொஞ்ச நேரம் விளக்கு போட்டாலே கணக்கு கலைந்துவிடும்.

பி பிளாக் நடைபாதையில் சாமந்தி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான சாமந்தி வகைகள் நீண்ட இரவு வந்தால்தான் மொட்டு விடும். நம் எல்.இ.டி. விளக்கு விடிய விடிய எரிகிறது. அந்தச் செடிக்கு இரவே கிடையாது. பொட்டாஷ் வாங்குவதற்கு முன் தொட்டியை விளக்கு படாத மூலைக்கு நகர்த்திப் பாருங்கள். விளக்கை அணைக்கச் சொல்லிச் செயலாளருக்கு எழுத வேண்டாம், அது திருட்டு பயத்துக்காகப் போட்டது.

இப்போது தெற்கு மனை. "வெளிச்சத்தை மறைக்க அவர்களுக்கு உரிமை உண்டா?" என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 1832-இல் வந்த சட்டப்படி 20 வருடம் தடையில்லாமல் வெளிச்சம் பெற்ற ஜன்னலுக்கு உரிமை உண்டாகும். லண்டனில் பழைய ஜன்னல்களுக்குக் கீழே அதை அறிவிக்கும் பலகைகளை இன்றும் பார்க்கலாம். அதே 20 வருடக் கணக்கு 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்திலும் இருக்கிறது. அந்தச் சட்டம் முதலில் அமலான இடங்களில் சென்னை மாகாணமும் ஒன்று. ஆனால் நாம் குடிவந்து 16 வருடம்தான் ஆகிறது. இருபது ஆகியிருந்தாலும் குடியிருப்பவரின் உடல் வசதியும் தொழிலும் எவ்வளவு பாதிக்கிறது என்றுதான் சட்டம் பார்க்கும். துளசிக்காக வழக்கு நிற்காது.

கணக்கு நமக்கு அவ்வளவு பாதகமாகவும் இல்லை. கட்டடம் 45 அடி, இடைவெளி 20 அடி என்று வைத்துப் பார்த்தேன். டிசம்பர் நடுப்பகலில் ஏ பிளாக்கின் தெற்குச் சுவரில் நிழல் 18 அடி உயரம் வரை ஏறும். கீழே ஸ்டில்ட் போக, முதல் தளம் 10 அடியிலிருந்து 20 அடி வரை இருக்கிறது. ஆக, பாதிப்பு முதல் தளத்துக்கு. இரண்டாம் தளத்துக்குக் காலையும் மாலையும் கொஞ்சம் குறையும், நடுப்பகல் வெயில் கிடைக்கும். மூன்றாம் தளத்துக்கு அதைவிடக் குறைவான பாதிப்பு. முதல் தளத்துக்கும் வருடம் முழுக்க இல்லை. ஐப்பசி கடைசி வாரத்திலிருந்து தை மூன்றாம் வாரம் வரை, மூன்று மாதம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் உயரத்தில் இருப்பதால் நடுப்பகல் நிழல் சுவருக்கே வராது. வீட்டை விற்கலாமா என்று யோசித்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

ஆனால் அந்த மூன்று மாதம்தான் தெற்கு பால்கனிக்கு வருடத்திலேயே நல்ல அறுவடைக் காலம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் வேண்டும். கீரைக்கு 3, 4 மணி நேரம் போதும், மணி பிளாண்டுக்கு நேர் வெயிலே வேண்டாம். முதல் தளத்து ஆறு வீட்டுக்கும் அந்த மூன்று மாதத்துக்கு மொட்டை மாடியில் இடம் கொடுக்க வேண்டும் என்பது என் யோசனை. மேல் தளத்துக்காரர்கள் ஒழுகலுக்குப் பயப்படுவது நியாயமான பயம். சென்ற மழைக்கே இரண்டு வீட்டில் ஈரம் இறங்கியது. தொட்டிகளைத் தரையில் வைக்காமல் பீம் போகும் இடத்துக்கு மேலே இரும்பு ஸ்டாண்டில், கீழே தட்டு வைத்து, தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்குப் பக்கமாக வைத்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் மேற்குப் பக்கம் என்றால் காலை வெயில் போய்விடும்.

ஆகஸ்ட் 18 அன்று பகல் 12 மணி 13 நிமிட அளவில் மொட்டை மாடிக்கு வந்தால், நேராக நிறுத்திய குச்சிக்கு நிழலே இல்லாததைப் பார்க்கலாம். வானம் மூடாமலிருக்க வேண்டும். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஸ்டாண்டு வைக்கும் இடத்தை அன்றைக்கே சுண்ணாம்பால் கோடு போட்டுக் குறித்துவிடலாம். முதல் தளத்துக்காரர்கள் தங்கள் தொட்டிகளின் எண்ணிக்கையையும் அளவையும் அதற்குள் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டால் எத்தனை அடி ஸ்டாண்டு வேண்டும் என்று கணக்குப் போட்டு வைக்கிறேன்.